பணம் இருந்தும் வாங்க முடியவில்லை: தடுத்தது யார்?

கார்டில் பணம் இருக்கிறது, நெட் ஓடுகிறது, ஆப்பும் திறக்கிறது. ஆனால் விளையாட்டில் டைமண்ட் வாங்கவோ, பாட்டு ஆப்புக்குச் சந்தா கட்டவோ போனால் ‘பணம் செலுத்த முடியவில்லை’ என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது. உடனே போனை அணைத்துத் திறக்கிறோம். பிறகு ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் யூடியூபில் யாரோ சொல்லும் பத்து வழிகளையும் ஒன்று விடாமல் செய்து பார்க்கிறோம். போனில் ஏதோ கோளாறு என்று முதலிலேயே முடிவுகட்டிவிடுவதால் வரும் அலைச்சல் இது. உண்மையில் இப்படி நின்றுபோகும் பர்ச்சேஸ்களில் பல, கோளாறால் நிற்பவை அல்ல. யாரோ ஒருவர் ஒரு காரணத்தோடு போட்ட தடையால் நிற்பவை. அந்த யாரோ பிள்ளைக்குப் போன் வாங்கித் தந்த பெற்றோராக இருக்கலாம், ஆப் ஸ்டோராக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், சட்டமாகவே இருக்கலாம். எப்படிச் சரிசெய்வது என்று கேட்பதற்கு முன்னால் நிறுத்தியது யார் என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். சில தடைகளை நீக்காமல் இருப்பதே நல்லது என்பதும் அப்போதுதான் தெரியும்.

இந்தத் தடைகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆப்புக்குள்ளேயே காசு கொடுத்து வாங்கும் வசதியை ஆப்பிள் 2009-ல் கொண்டுவந்தது. முதலில் விலைகொடுத்து வாங்கிய ஆப்களில் மட்டும்தான் அது இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இலவச ஆப்களுக்கும் திறந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கான விளையாட்டுகளின் போக்கே அதோடு மாறியது. விளையாட்டு இலவசம், உள்ளே போனால் தங்கக் காசும் மீன் தீனியும் பழமும் விற்பனைக்கு. அந்தக் காலத்து ஐபோனில் ஒருமுறை பாஸ்வேர்டு போட்டுவிட்டால் அடுத்த 15 நிமிடத்துக்கு எதை வாங்கினாலும் மறுபடி கேட்காது. அப்பா ஒரு இலவச விளையாட்டை இறக்கிக்கொடுத்துவிட்டுப் போனைப் பிள்ளையின் கையில் தருவார். அந்த 15 நிமிடத்தில் பிள்ளை தொட்டதெல்லாம் அப்பாவின் கார்டில் ஏறும். ‘ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ்’ போன்ற விளையாட்டுகளில் குழந்தைகள் நூற்றுக்கணக்கான டாலருக்குக் கற்பனைப் பழங்களை வாங்கித் தள்ளியது 2011 தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் செய்தியானது. அந்த ஆண்டு மார்ச்சில் ஆப்பிள், ஆப்புக்குள் வாங்குவதற்குத் தனியாகப் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்தது. ஆனாலும் அதன் பிறகும் 15 நிமிட வாசல் ஒன்று திறந்தே இருந்தது. அதைத் திரையில் தெளிவாகச் சொல்லவும் இல்லை.

அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதை விடவில்லை. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதன் ஸ்டோரில் இருந்த வாசல் 30 நிமிடம். அமேசான் வழக்காடிப் பார்த்தது. 2016-ல் நீதிமன்றம் அந்த நிறுவனம்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இன்று ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கப்படுவதும், சிறுவர் கணக்குகளில் பெற்றோர் சம்மதம் வேண்டியிருப்பதும் இந்த வழக்குகளின் வழியில் வந்தவை. நம்மை எரிச்சலூட்டும் அதே பெட்டி, வேறொரு வீட்டில் மாதச் சம்பளத்தைக் காப்பாற்றிய பெட்டி.

இந்தியாவில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு, அது ரிசர்வ் வங்கி போட்டது. 2020 ஜனவரியில் வெளியிட்டு மார்ச் 16 முதல் நடப்புக்கு வந்த ஒரு உத்தரவின்படி, புதிதாகவோ மாற்றாகவோ தரப்படும் கார்டு, ஏடிஎம்மிலும் கடைகளில் இருக்கும் ஸ்வைப் மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைனில் பயன்படுத்தவும் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கும் வாடிக்கையாளரே தனித்தனியாகச் சுவிட்சைப் போட வேண்டும். கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்த மாதத்தில் எல்லாச் சந்தாக்களும் ஒரேயடியாக நின்றுபோவதன் ரகசியம் இதுவாக இருக்கலாம். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போனால் ‘ஆன்லைன்’ என்ற சுவிட்ச் அணைந்து கிடக்கும். பக்கத்திலேயே ஒரு நாள் செலவு உச்சவரம்பும் இருக்கும், சிலருக்கு அது சுழியத்தில் நிற்கும். இந்த இரண்டையும் பார்க்காமல் போனை ஃபேக்டரி ரீசெட் செய்பவர்களை என்னவென்று சொல்ல!

அடுத்தது மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களுக்கான விதி. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தொடர் பிடித்தம் செய்ய வேண்டுமானால் முதலில் ஓடிபி கொடுத்து ஒப்புதல் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்னதாக வங்கி அறிவிக்க வேண்டும். ஆரம்பத்தில் 5,000 ரூபாய் வரைதான் ஓடிபி இல்லாமல் தானாகக் கழியும் என்று இருந்தது. 2022 ஜூனில் அது 15,000 ஆக உயர்த்தப்பட்டது. இந்த ஏற்பாட்டுக்குத் தங்கள் முறைகளை மாற்றிக்கொள்ள முடியாத நிறுவனங்கள் தடுமாறின. ஆப்பிள் 2022-ல் தன் ஸ்டோரில் இந்திய வங்கிகளின் கிரெடிட், டெபிட் கார்டுகளை ஏற்பதையே நிறுத்தியது. வாடிக்கையாளர்கள் யுபிஐ, நெட் பேங்கிங், அல்லது ஆப்பிள் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டுவைப்பது என்ற வழிகளுக்கு மாற வேண்டியிருந்தது. அந்த நாட்களில் தன் கார்டில்தான் கோளாறு என்று நினைத்து வங்கிக் கிளைக்குப் போய் நின்றவருக்கு அங்கே பதில் கிடைத்திருக்காது. ஏனென்றால் கோரிக்கை வங்கி வரை வரவே இல்லை.

யார் நிறுத்தினார் என்று தெரிந்துகொள்வதற்கு இங்கேதான் ஒரு வழி கிடைக்கிறது. ஒரு பர்ச்சேஸ் போனில் தொடங்கி ஸ்டோர் வழியாக வங்கிக்குப் போய், திரும்பி ஆப் நிறுவனத்திடம் வந்து முடிகிறது. எங்கே நின்றது என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அடையாளம் விழும். பொத்தானைத் தொட்டதும் விலை காட்டும் பெட்டியே வரவில்லையென்றால் சிக்கல் போனிலோ ஆப்பிலோ இருக்கிறது. பழைய பதிப்பு, தவறான தேதியும் நேரமும், விபிஎன், விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் ஆகியவற்றை அப்போது பாருங்கள். ரீஸ்டார்ட் வைத்தியம் பலிக்கக்கூடிய ஒரே கட்டமும் இதுதான். பெட்டி வராமல் ‘அனுமதி இல்லை’ என்ற வாசகம் வந்தால் அது போனில் வேண்டுமென்றே போடப்பட்ட கட்டுப்பாடு. பெட்டி வந்து, விலையும் தெரிந்து, கைரேகையும் வைத்த பிறகு நின்றால் ஸ்டோரோ வங்கியோ நிறுத்தியிருக்கிறது. இந்த இரண்டில் எது என்பதைக் குறுஞ்செய்தி சொல்லும். ஓடிபி வந்திருந்தாலோ, பரிமாற்றம் நிராகரிக்கப்பட்டது என்று வங்கியிடமிருந்து செய்தி வந்திருந்தாலோ கோரிக்கை வங்கியைத் தொட்டுவிட்டது. எதுவுமே வராமல், வங்கி ஆப்பிலும் தடயம் இல்லாவிட்டால் ஸ்டோரே திருப்பி அனுப்பிவிட்டது என்று கொள்ளலாம். பணம் கழிந்தும் டைமண்ட் வரவில்லையென்றால் வங்கியை நோவதில் பயனில்லை. அது ஸ்டோருக்கும் ஆப் நிறுவனத்துக்கும் இடையே உள்ள கணக்கு.

‘அனுமதி இல்லை’ என்ற கட்டத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் வீட்டுச் சண்டைகள் அதிகம் நடப்பது இங்கேதான். ஐபோனில் செட்டிங்ஸில் ‘ஸ்க்ரீன் டைம்’ என்ற பகுதிக்குள் உள்ளடக்கம், தனியுரிமைக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அதற்குள் ஸ்டோர் பர்ச்சேஸ்கள் என்ற வரியைத் தொட்டால் ஆப்புக்குள் வாங்குவதை அனுமதிக்கவும் மறுக்கவும் தனிச் சுவிட்ச் உண்டு. இதற்கான பாஸ்கோடு போனைத் திறக்கும் பாஸ்கோடு அல்ல, வேறொன்று. மூன்று வருடத்துக்கு முன்பு அண்ணன் விளையாட்டாகப் போட்டுவைத்து மறந்துபோன எண் இன்றும் தம்பியைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். ஆப்பிளின் குடும்பக் கணக்கில் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, வாங்குமுன் பெற்றோரைக் கேட்கும் ஏற்பாடு தானாகவே ஆன் ஆகியிருக்கும். பிள்ளை கேட்டது அம்மாவின் போனில் ஒரு அறிவிப்பாக வரும். 24 மணி நேரம் யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அந்தக் கோரிக்கை அழிந்துபோகும். கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ கணக்கிலும் இதே மாதிரி ஒப்புதல் உண்டு. இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது: ஆப்பிளில் பர்ச்சேஸ்களைப் பகிரும் குடும்பக் குழுவில் யார் எதை வாங்கினாலும் பில் குழுவை அமைத்தவருக்குத்தான் போகும். அவருடைய கணக்கில் ஒரு பழைய பாக்கி நின்றால் மற்றவர்களின் போனிலும் வாங்க முடியாது. மகனின் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, கோளாறு அப்பாவின் கணக்கில்.

ஸ்டோர் தரப்பில் அடிக்கடி வருவது கணக்கு மாறாட்டமும் நாடு மாறாட்டமும். ஒரே ஆண்ட்ராய்டு போனில் இரண்டு, மூன்று ஜிமெயில் கணக்குகள் இருந்தால், ஆப்பை எந்தக் கணக்கிலிருந்து இறக்கினோமோ அதன் பெயரில்தான் உள்ளே வாங்குவதும் நடக்கும். இன்னொரு கணக்கில் கார்டைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவருக்கு எதுவும் நகராது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் கதை வேறு. அவர்கள் கணக்கு இன்னும் அந்த நாட்டு ஸ்டோரில் இருக்கும். அங்கே யுபிஐ என்ற தெரிவே வராது. கூகுளில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், பழைய நாட்டில் இருந்த ப்ளே இருப்பு கூட வராது. ஆப்பிளிலோ, கணக்கில் மிச்சம் இருக்கும் பணத்தைச் செலவழித்து, ஓடும் சந்தாக்களையும் முடித்த பிறகே மாற்ற முடியும்.

சில சமயம் தடையே இல்லை, பொத்தானே இல்லை. ஐபோனில் கிண்டில் ஆப்பைத் திறந்து புத்தகம் வாங்கத் தேடினால் கிடைக்காது. ஸ்டோர்கள் கேட்கும் கமிஷனைத் தர விரும்பாமல் 2011-லேயே அமேசான் அதை எடுத்துவிட்டது, 2022-ல் ஆண்ட்ராய்டிலும் எடுத்தது. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் கூகுள் பல இந்திய நிறுவனங்களின் ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கியபோது சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் இருந்தது. மத்திய அரசு தலையிட, சில நாட்களில் அவை திரும்பி வந்தன. வரன் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இந்தப் பஞ்சாயத்தில் எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் ஆப்பைத் தேடிக் காணாமல், போன் கெட்டுவிட்டது என்று நினைத்திருக்கக்கூடியவர்கள் அவர்களே. இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் நடத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ரம்மி ஆப்பில் பணம் போட முடியவில்லை என்பது சரிசெய்ய வேண்டிய பிரச்சினையே அல்ல.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு வரும். நான் வளர்ந்த ஆள், என் பணம், என் போன். இத்தனை காவல் எனக்கு எதற்கு என்று. நியாயமான கேள்விதான். கூகுள் ப்ளேயில் கைரேகை கேட்பதைத் தளர்த்த அமைப்பு இருக்கிறது, தனியாக வாழ்பவர் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் இந்த நாட்டில் எத்தனை வீடுகளில் போன் ஒருவருடைய போனாகவே இருக்கிறது? மதியம் பாட்டியிடமும், பள்ளி விட்டதும் பேரனிடமும், ராத்திரி மருமகளிடமும் இருக்கும் ஒரே போனில், காவலை எடுத்தால் அது எல்லோருக்கும் எடுக்கப்பட்டதாகும். ஆகவே தளர்த்துவதை வசதிக்காகச் செய்யலாம், கோபத்தில் செய்யக் கூடாது என்பதே என் கட்சி. ப்ளே ஸ்டோரில் மாத பட்ஜெட் போட்டுவைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த பட்ஜெட் எச்சரிக்குமே தவிர வாங்குவதைத் தடுக்காது.

இன்னும் கனமான மறுப்பு நிறுவனங்கள் தரப்பிலிருந்து வருவது. ஏன் நிராகரித்தோம் என்று விவரமாகச் சொன்னால் திருட்டுக் கார்டை வைத்திருப்பவன் அடுத்த முறை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வான், அதனால்தான் பொதுவாகச் சொல்கிறோம் என்பார்கள். மோசடிச் சந்தேகத்தால் நிறுத்தியதற்கு இது பொருந்தும். ஆனால் வீட்டுக் கட்டுப்பாடு, அணைந்த சுவிட்ச், நாட்டுப் பொருத்தமின்மை, குழு அமைத்தவரின் பாக்கி ஆகியவற்றில் எந்த ரகசியமும் இல்லை. ‘இதை நிறுத்தியது உங்கள் வங்கி’, ‘இதை நிறுத்தியது உங்கள் குடும்பக் குழு’ என்று நான்கைந்து சொல் தமிழில் எழுதினால் எந்தத் திருடனுக்கும் லாபமில்லை. மின்கட்டணம் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்குகிற லைன்மேன் கூட ஏன் என்று வாசலில் சொல்லிவிட்டுத்தான் போகிறார். கோடிக்கணக்கில் இந்தியர்கள் வாங்கும் ஸ்டோர்கள், ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று சொல்லி ஒதுங்குவது திறமைக் குறைவால் அல்ல, அக்கறைக் குறைவால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அக்கறைக் குறைவுக்கு விலை கொடுப்பது நாம். காரணம் தெரியாதவர் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுகிறார்; முதலில் கிடைப்பது பல நேரங்களில் மோசடிக்காரன் விரித்துவைத்த எண். அவன் பொறுமையாகப் பேசுவான், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வான், பணத்தைத் திருப்பி அனுப்புவதற்காக யுபிஐ பின்னைப் போடச் சொல்வான். பணம் வருவதற்கு அந்த ‘பின்’ எண் தேவையே இல்லை. ‘பின்’ எண்ணைக் கேட்கிறார்கள் என்றால் பணம் போகப்போகிறது. 99 ரூபாய் டைமண்டுக்காகத் தேடப்போய்க் கணக்கையே காலி செய்துகொள்வது இப்படித்தான். உதவி வேண்டுமென்றால் ஸ்டோர் ஆப்புக்குள் இருக்கும் உதவிப் பக்கத்துக்கும் வங்கி ஆப்பில் இருக்கும் எண்ணுக்கும் மட்டுமே போங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பணம் கழிந்து பொருள் வராத நிலையில் பதற்றப்பட்டு மறுபடி மறுபடி வாங்க முயல வேண்டாம். இரண்டு முறை, மூன்று முறை பணம் போவது அதனால்தான். முதலில் ஆப்பை மூடித் திறந்து பாருங்கள். விளம்பரம் இல்லாத பதிப்பு போன்ற நிரந்தரமான பொருள் என்றால் ஆப்புக்குள் ‘ரீஸ்டோர்’ என்ற பொத்தானைத் தொட்டால் வந்துவிடும். காசு, டைமண்ட் போன்று செலவழிந்து தீரும் பொருளுக்கு அது உதவாது. கூகுள் அனுப்பும் ரசீதில் ஜிபிஏ என்ற எழுத்துகளில் தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். அந்த எண்ணோடு ஆப் நிறுவனத்துக்கு எழுதுங்கள். நிறுவனம் பர்ச்சேஸை ஏற்றுக்கொண்டதாக மூன்று நாளுக்குள் கூகுளுக்கு உறுதி செய்யாவிட்டால் பணம் தானாகவே திரும்பிவிடும். ரசீதே வராமல் யுபிஐயில் பணம் மட்டும் போயிருந்தால் அது வேறு கணக்கு. வியாபாரியிடம் உறுதியாகாத யுபிஐ பணத்தை ஐந்து நாளுக்குள் திருப்பிவிட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஆறாம் நாளும் பணம் வராவிட்டால் அந்த நூறையும் சேர்த்துக் கேளுங்கள்.